மூன்று கரண்டி ராகிப்பால்

எனக்கு வாய் நீளம். ஊரே சொல்லும், நானும் ஒப்புக்கொள்வேன். யார் எது சொன்னாலும் பதில் நாக்கு நுனியில் தயாராக இருக்கும். ஆனால் என் வாழ்க்கையிலேயே பெரிய தப்பு நான் பேசி வந்ததல்ல. பேச வேண்டிய ஓர் இடத்தில் வாயில் கொழுக்கட்டை வைத்தவள்போல நின்றுவிட்டேன். ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அதைச் சொல்ல எனக்கு இரண்டு வருடத்துக்கு நெருக்கமாக ஆனது.

போத்தனூரில் எங்கள் வீட்டின் முன்னறையில்தான் என் தையல் கடை. என் வீட்டுக்காரர் காலமான பிறகு தம்பியும் அவன் மனைவியும் மாடிக்குக் குடிவந்தார்கள். தம்பி என்னைவிடப் பதின்மூன்று வயது சின்னவன். அம்மா காட்டு வேலைக்குப் போகும்போதெல்லாம் அவனை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் நான். என் இரண்டு பையன்களையும் வளர்த்து, படிக்க வைத்து, பெங்களூருக்கு அனுப்பியாயிற்று. குழந்தை வளர்ப்பில் எனக்குத் தெரியாதது எதுவும் மிச்சமில்லை என்பது என் நினைப்பு.

தம்பி மனைவிக்கு ஊர் வால்பாறை. அவள் அப்பா எஸ்டேட் ஃபேக்டரியில் ஃபிட்டர். அம்மா இல்லை, அவள் பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். எங்கள் பக்கம் கணவனின் அக்காவை நங்கை என்போம். அவளும் என்னை "நங்கையா, நங்கையா" என்று வாய் நிறையக் கூப்பிடுவாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது வழக்கம். தாயே இல்லாதவளுக்குத் தாய்வீடு ஏது? "நானிருக்கறனுங், நீங்க வெசனப்படாதீங்" என்று அவள் அப்பாவிடம் பெரிய மனுஷியாக வாக்குக் கொடுத்தேன்.

ஒன்பதாம் மாத வளைகாப்புக்கு ஆவணியில் நாள் குறித்து, பச்சைப் பட்டுக்கு ரவிக்கையும் தைத்து வைத்துவிட்டேன். கொக்கி தைப்பது மட்டும்தான் பாக்கி. ஆடிக் கடைசியில் ஒரு காலை, துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவளுக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது. முப்பதாவது வாரம். பத்து வாரம் முன்கூட்டியே பிறந்துவிட்டாள் எங்கள் பெண். ஒரு கிலோ இருநூறு கிராம். கண்ணாடிப் பெட்டிக்குள் மூக்கில் குழாயோடு கிடந்தவளைக் கண்ணாலேயே அளந்தேன். ஒரு முழம்கூட இல்லை.

அந்த ஏழு வாரமும் தம்பி மனைவி ஆஸ்பத்திரியே கதியென்று கிடந்தாள். குழந்தையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு மணிக்கணக்காக அசையாமல் உட்கார்ந்திருப்பாள். பாலைப் பீய்ச்சிக் கொடுப்பாள். நர்சுகள் அதைக் குழாய் வழியாக ஏற்றுவார்கள். பிறகு மூக்கு வைத்த பாலாடைக் கிண்ணத்தில் சொட்டுச் சொட்டாக. குழந்தை முதன்முதலாக வாயை வைத்துத் தானே உறிஞ்சிக் குடித்த அன்று எனக்கு போன் பண்ணினாள். அழுதுகொண்டே "நங்கையா, குடிச்சிட்டாளுங், அவளே குடிச்சிட்டாளுங்" என்று இதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டரம்மா எங்கள் இருவரையும் உட்காரவைத்து விளக்கினார்.

"இந்தக் கொழந்தைக்கு வயச ரெண்டு விதமாக் கணக்குப் பண்ணோணுங்க. தடுப்பூசிக்குப் பொறந்த தேதியப் பாருங்க. தலை நிக்கறது, குப்புற விழறது, உக்கார்றது, சோறு ஊட்டறது, இதுக்கெல்லாம் பொறந்திருக்க வேண்டிய தேதியில இருந்து எண்ணோணும். அதாவது பத்து வாரத்தக் கழிச்சிரோணும். கரெக்டட் ஏஜ்னு சொல்லுவோம். ரெண்டு வயசு வரைக்கும் இப்படித்தான்."

என் வாய் சும்மா இருக்குமா? "ஏழு வாரத்துல பத்து வாரத்தக் கழிச்சா, இவ இன்னும் பொறக்கவே இல்லீங்களா?" என்றேன்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "அப்படித்தானுங்கம்மா வெச்சுக்கோணும். இன்னும் மூணு வாரம் வயித்துல இருக்கறதா நெனச்சுக்கிட்டுப் பாத்துக்குங்க."

தம்பி மனைவி சிரிக்கவில்லை. ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் சமையலறையில் இருந்த மாதக் காலண்டரில் இரண்டு தேதிகளை வட்டமிட்டாள். ஒன்று சிவப்பு, பிறந்தது. இன்னொன்று நீலம், பிறந்திருக்க வேண்டியது. அதற்கப்புறம் மாதாமாதம் அவள் கொண்டாடியதெல்லாம் நீலத் தேதியைத்தான்.

எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. வேடிக்கை என்று சொல்கிறேன், உள்ளே எரிச்சல். "ஏம்மணி, ஆடியில பொறந்ததுனால வயசுலயும் ஆடித் தள்ளுபடியா?" என்று கேட்டேன். இன்னொரு நாள், "ரேஷன் கார்டுல எந்தத் தேதியப் போடுவே? செவப்பா, நீலமா?" என்றேன். அவள் ஒவ்வொரு தடவையும் லேசாகச் சிரித்துவிட்டுப் போய்விடுவாள். எதிர்த்துப் பேசியிருந்தாலாவது நான் நின்று யோசித்திருப்பேனோ என்னவோ.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு பச்சைக் குழந்தையைப் பார்த்து வெட்கப்பட்டேன். அடுத்த தெருவில் அதே வாரம் பிறந்த பையன் ஒருவன் இருந்தான். கன்னமும் தொடையுமாகக் கொழுகொழுவென்று இருப்பான். அவன் அம்மா ஜாக்கெட் அளவு கொடுக்க வரும்போது அவனையும் தூக்கிக்கொண்டு வருவாள். என் கட்டிங் டேபிள்மேல் அவன் தலை நிமிர்ந்து, டேப்பைப் பிடித்து இழுப்பான். எங்கள் பெண் அப்போது தலை நிற்காமல், தோளில் சாய்ந்தே கிடப்பாள். கடைக்கு வரும் பெண்கள் ஒருவர் தவறாமல் "எத்தன மாசமுங்க?" என்பார்கள். "பொறந்து நாலு மாசமுங், ஆனா ஒன்றரை மாசக் கொழந்தையாத்தான் பாக்கோணும்" என்று தம்பி மனைவி பொறுமையாக விளக்குவாள். கேட்டவர்கள் அவளைப் பார்க்க மாட்டார்கள், என்னைப் பார்ப்பார்கள். பிள்ளைவளர்ப்பில் பேர் போனவள் வீட்டில் இப்படியா என்று அந்தப் பார்வை கேட்பதாக எனக்குத் தோன்றும்.

தை மாதக் கடைசியில் அவளுடைய பிரசவ லீவு முடிந்தது. அவள் ஒரு பம்ப் கம்பெனியில் ஆர்டர் பிரிவில் வேலை பார்த்தாள். ஆறு மாத லீவில் ஏழு வாரம் ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டது. அவள் பாவம், மேனேஜரிடம் போய் என் குழந்தைக்கு இன்னும் நாலு மாதம்கூட ஆகவில்லை என்று சொல்லிப் பார்த்தாளாம். அவர் லீவு லெட்டரில் இருந்த தேதியைக் காட்டினாராம். திரும்பி வந்து மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள். "ஆபீசுக்கு மட்டும் செவப்புத் தேதிதானுங் நங்கையா" என்றாள். எனக்கு அன்றைக்கு அவள்மேல் உண்மையாகவே இரக்கம் வந்தது. "போயிட்டு வா அம்மணி, நான் பாத்துக்க மாட்டனா?" என்றேன்.

வேலைக்குப் போன முதல் நாள். பீய்ச்சிய பாலைக் கிண்ணங்களில் ஊற்றி, எந்த நேரத்துக்கு எது என்று ஃபிரிட்ஜில் வரிசையாக வைத்திருந்தாள். பாலாடையைக் கொதிக்கவைத்து மூடி வைத்திருந்தாள். வாசல் வரை போய், திரும்பி வந்து, "வேற எதும் குடுக்க வேண்டாமுங், சரிங்களா?" என்றாள்.

"போ போ, எனக்குச் சொல்லித் தாரியா?" என்று விரட்டினேன்.

அவளுக்கு அன்றைக்கு அப்படிச் சொல்லத் தோன்றியிருக்கிறது. எனக்கோ அதற்கு இரண்டு நாள் முன்னாலேயே ராகியை ஊறவைக்கத் தோன்றியிருந்தது.

ஆமாம். ஊறவைத்து, முளைகட்டி வைத்திருந்தேன். அன்றோடு பிறந்து ஆறு மாதம். ஆறு மாதம் முடிந்தால் ஆகாரம் கொடுக்கலாம் என்று எந்த ஆஸ்பத்திரிச் சுவரிலும் எழுதியிருக்கிறதே! என் பையன்கள் நாலாம் மாதமே ராகிப்பால் குடித்தவர்கள். தம்பியும் அப்படித்தான். குழந்தை தேறாமல் இருப்பதற்குக் காரணம் அந்த நீலத் தேதிதான், வயிற்றுக்கு ஒழுங்காகக் கொடுத்தால் ஒரே மாதத்தில் அடுத்த தெருப் பையனைப் பிடித்துவிடுவாள் என்று எனக்குள் ஒரு வைராக்கியம். கெட்ட எண்ணம் துளியும் இல்லை. அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

பதினோரு மணி இருக்கும். முளைகட்டிய ராகியை அரைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி, கொஞ்சம் கருப்பட்டி போட்டுக் காய்ச்சினேன். வடிகட்டியும் கொஞ்சம் கெட்டியாகத்தான் வந்தது. சாமி விளக்கு ஏற்றிவைத்துவிட்டு, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சின்னக் கரண்டியால் ஊட்டினேன். முதல் கரண்டியில் பாதியை நாக்கால் வெளியே தள்ளினாள். வழித்து உள்ளே விட்டேன். இரண்டாவது கரண்டி போயிற்று. "பாத்தியா, ஆத்தாளுக்கு ருசி தெரியுது" என்று கொஞ்சினேன். மூன்றாவதை விட்டதும் கண் அகல விரிந்தது. சத்தமே இல்லை. இருமலும் இல்லை. உதடு நீலமாகிவிட்டது.

எப்படியோ அவளைக் குப்புறக் கவிழ்த்து முதுகில் தட்டினேன். தட்டிக்கொண்டே கத்தினேன் என்று நினைக்கிறேன். பக்கத்து வீட்டில் மிக்சி ஓடிக்கொண்டிருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை. ராகியும் சளியுமாக என் கையில் வந்தது. அப்புறம் ஓர் இருமல். அப்புறம் அழுகை. அந்த அழுகையைக் கேட்டதும் நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அதன் பிறகு நான் செய்ததைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. பாத்திரத்தைக் கழுவினேன். மீதி ராகியைச் சாக்கடையில் ஊற்றித் தண்ணீர் விட்டேன். வடிகட்டிய துணியை அலசி, கடைக்குப் பின்னால் காயப்போட்டேன். குழந்தையின் சட்டையை மாற்றினேன். இத்தனையும் நிதானமாக, ஒன்றுவிடாமல். குழந்தை தூங்கினாள். நெஞ்சில் காதை வைத்துக் கேட்டேன். கர், கர் என்று ஒரு சத்தம் இருந்தது. சளிதான், சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அம்மாக்காரி வேலையிலிருந்து திரும்புவதற்கு ஆறு மணி நேரத்துக்கு முன்பே அந்தச் சத்தம் ஆரம்பித்துவிட்டது. எனக்கு நன்றாகத் தெரியும்.

சாயங்காலம் ஓடி வந்தவள் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை. குழந்தையை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போய், பக்கத்தில் படுக்கவைத்துப் பால் கொடுத்திருக்கிறாள். முதல் நாள் வேலை, அலுப்பு. கொடுத்தபடியே கண்ணசந்துவிட்டாள். குழந்தை இருமிய சத்தத்தில் விழித்தபோது மூக்கு வழியாகப் பால் வந்திருந்ததாம். அதை அப்போதே என்னிடம் வந்து சொன்னாள். "பயந்துபோயிட்டனுங் நங்கையா" என்றாள்.

"கொழந்தைன்னா அப்புடித்தான், விடு" என்றேன் நான்.

மூன்றாம் நாள் காய்ச்சல் கொதித்தது. மூச்சு வாங்கியது, விலா எலும்புக்கு நடுவில் தோல் குழிந்து குழிந்து போனது. ஆஸ்பத்திரிக்கு அள்ளிக்கொண்டு ஓடினோம். படம் எடுத்துப் பார்த்துவிட்டு, நுரையீரலுக்குள் ஏதோ இறங்கி நிமோனியா ஆகியிருக்கிறது என்றார் டாக்டரம்மா. பிறகு எங்கள் இருவரையும் பார்த்துக் கேட்டார்.

"எப்பவாச்சும் புரையேறுச்சுங்களா? பாலத் தவிர வேற எதாச்சும் குடுத்தீங்களா?"

தம்பி மனைவி உடனே சொன்னாள்: "நாந்தானுங் டாக்டர். படுத்துட்டே பால் குடுத்துத் தூங்கிப்போட்டேன். மூக்குல வந்துருச்சு. வேற எதும் குடுக்கலீங். எங்க நங்கையா நீங்க சொன்னதத் தவிர ஒரு சொட்டுத் தண்ணிகூடத் தர மாட்டாங்."

நான் பக்கத்தில்தான் நின்றேன். ஃபைல் என் கையில்தான் இருந்தது. டாக்டரம்மா என் முகத்தை ஒரு நொடி பார்த்தார். "ஆமாங்க" என்று தலையாட்டினேன்.

அதோடு போயிற்றா? வராந்தாவில் தம்பி அவளைப் பிடித்துக்கொண்டான். "ஒரு கொழந்தைக்குப் பால் குடுக்கத் தெரியாதா உனக்கு? தூக்கம் என்ன அப்புடித் தூக்கம்?" என்று நாலு பேர் பார்க்கக் கத்தினான். அவள் தலை குனிந்து நின்றாள். என் முன்னால் யாராவது ஒரு பெண்ணை அப்படிப் பேசினால் நான் விடுவேனா? வேறு எந்த நாளாக இருந்தாலும் அவன் காதைப் பிடித்துத் திருகியிருப்பேன். அன்றைக்கு, "போதும் தம்பி, விடு, நடந்தது நடந்துபோச்சு" என்றேன். என்ன பெருந்தன்மை பாருங்கள்! அவள் எனக்கு நன்றி சொல்வதுபோல நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கண்ணை இன்றைக்கு நினைத்தாலும் என் உடம்பு கூசுகிறது.

ஒன்பது நாள். பிழைத்துவிட்டாள் எங்கள் பெண். வீட்டுக்கு வந்தபிறகு, பால் கொடுக்க உட்கார்ந்தாலே அம்மாக்காரி குழந்தையின் மூக்கையே பார்த்துக்கொண்டிருப்பாள். குழந்தை லேசாகச் செருமினாலும் பிடுங்கித் தோளில் போட்டுத் தட்டுவாள். பசியில் குழந்தை அழும், பயத்தில் அவள் அழுவாள். கொஞ்ச நாள் பீய்ச்சிப் பாலாடையில் கொடுத்துப் பார்த்தாள். வேலைக்கும் போய்க்கொண்டு, அதுவும் முடியவில்லை. மார்பு கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழே இறங்கி வந்தாள்.

"இந்தப் பாலே வேண்டாமுங் நங்கையா. டப்பாப் பாலே குடுத்துக்கறேன். வத்தறதுக்கு மல்லிகைப்பூ வெச்சுக் கட்டுவாங்களாமா, உங்களுக்குக் கட்டத் தெரியுங்களா?"

தெரியும். என் இரண்டாவது பையன் பால் மறந்தபோது எனக்குக் கட்டியிருக்கிறார்கள். அது குழந்தை வளர்ந்து, தானாகப் பாலை விட்ட பிறகு. இங்கே குழந்தை மேலே தொட்டிலில் பாலுக்கு அழுதுகொண்டிருக்கிறது. நான் பையை எடுத்துக்கொண்டு பூக்கடைக்குப் போனேன். உதிரி மல்லிகை கால் கிலோ கேட்டதும் பூக்காரம்மா, "ஏனுங்கக்கா, ஊட்டுல விசேசமுங்களா?" என்றாள். "ஆமாம்" என்றேன். வேறு என்ன சொல்வது?

திரும்பி வந்து மாடிப்படி பாதியில் நின்றுவிட்டேன். இப்போது சொல்லிவிட்டால் இந்தப் பூ வேண்டியதில்லை. மேலே போய், அம்மணி, உன் பாலில் ஒரு குற்றமும் இல்லை, நான்தான் ராகி கொடுத்தேன் என்று சொன்னால் முடிந்தது. சொன்னால் தம்பி என் முகத்தில் முழிக்க மாட்டான். கூட்டிக்கொண்டு போய்விடுவான். இந்தப் பெரிய வீட்டில் நான் தனியாகத் தையல் மெஷினோடு கிடப்பேன். ஊர் வாய்க்கு வேறு பதில் சொல்ல வேண்டும். ஆக, என்னைப் பற்றித்தான் யோசித்தேன். மேலே போய், என் கையாலேயே அவள் மார்பில் பூவை வைத்து, வெள்ளைத் துணியால் இறுக்கிக் கட்டினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். மாலையில் அவிழ்த்தபோது பூவெல்லாம் பழுப்பாக வெந்து போயிருந்தது. மறுபடி புதுப்பூ வைத்துக் கட்டினேன். நாலு நாளில் வற்றிவிட்டது.

அப்புறம் நான் ஆளே மாறிப்போனேன். யாராவது வயது கேட்டால் அம்மாக்காரி வாயைத் திறப்பதற்கு முன் நானே பத்து வாரத்தைக் கழித்துச் சொன்னேன். நீலத் தேதிப்படி ஆறு மாதம் முடிந்தபிறகு, டாக்டரம்மாவிடம் இரண்டு தடவை கேட்டுக்கொண்டுதான் முதல் வாய்ச் சோறு ஊட்டவிட்டேன். "என்ன, இன்னும் நடக்கலயா?" என்று கேட்ட அடுத்த தெருக்காரியை, "உம் பையன் நடந்து ஒலிம்பிக்ஸ் போறானா?" என்று திருப்பி அனுப்பினேன், அவள் ஜாக்கெட் தைக்க வேறு கடைக்குப் போய்விட்டாள். போகட்டும். குழந்தை குப்புற விழுந்தாள், உட்கார்ந்தாள், நடந்தாள். எல்லாம் நீலக் கணக்குப்படி சொல்லி வைத்ததுபோல நடந்தது. ஒறம்பரை, சொந்தபந்தம் என்று யார் வந்தாலும், "எங்க நங்கையாதானுங் இவளுக்கு இன்னொரு அம்மா" என்பாள் தம்பி மனைவி. அப்போதெல்லாம் நான் எழுந்து, காபி போடப் போகிற சாக்கில் உள்ளே போய்விடுவேன்.

போன ஐப்பசியில் நீலத் தேதிப்படி இரண்டு வயது நிறைந்தது. செக்கப்புக்கு நானும் அவளும் குழந்தையுமாகப் போனோம். டாக்டரம்மா எடை பார்த்து, உயரம் பார்த்து, பொம்மைப் படம் காட்டிப் பேசவைத்துப் பார்த்தார். எங்கள் பெண் யானையைக் காட்டி "ஆனை" என்றாள், டாக்டரைக் காட்டி "ஊசி" என்றாள். "இனிமே பத்து வாரத்தக் கழிக்க வேண்டாமுங்க. ஒரே வயசு போதும்" என்று சொல்லிவிட்டு, ஃபைலை முடித்து வைப்பதற்காகப் பழைய விவரங்களைச் சரிபார்த்தார்.

"நடுவுல ஒரு தடவ நிமோனியா வந்துச்சு. தாய்ப்பால் எப்ப நிறுத்துனீங்க?"

"அப்பவேங்க. நான் படுத்துட்டுப் பால் குடுத்துத் தூங்கிப்போட்டேன், புரையேறிருச்சு. என்ற தப்புதானுங்" என்றாள் அவள்.

கதவு எண்ணைச் சொல்வதுபோலச் சொன்னாள். அழவில்லை, தயங்கவில்லை. அவளைப் பொறுத்தவரை அது எழுதி முடிந்துபோன விஷயம். டாக்டரம்மாவும் அதை அப்படியே எழுதிக்கொண்டார். அந்தப் பேனா என் பொய்யை எழுதி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும் எதிரில் இருந்த பேக்கரியில் உட்கார்ந்தோம். குழந்தைக்குத் தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தாள். எங்கள் இருவருக்கும் டீ வந்தது. நான் டீயைத் தொடவில்லை. சுற்றிவளைக்கவும் எனக்குத் தெரியாது.

"அம்மணி, அன்னிக்கு நீ வேலைக்குப் போனதும் நான் இவளுக்கு ராகிப்பால் குடுத்தேன்."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "என்னைக்குங்?"

"மொத நாளு. நீ வேண்டாம்னு சொல்லிட்டுப் போனியே, அன்னிக்கு. மூணாவது கரண்டியில புரையேறி நீலம் பாஞ்சிருச்சு. தட்டித் தட்டி மூச்சக் கொண்டுவந்தேன். பாத்தரத்தக் கழுவி வெச்சுட்டு உங்கிட்டச் சொல்லாம இருந்துபோட்டேன்."

"எத்தன மணிக்குங்?"

"பதினொண்ணு இருக்கும். நீ ஊட்டுக்கு வாரதுக்கு முந்தியே நெஞ்சுல கர்ருனு சத்தம் வந்திருச்சு கண்ணு. நான் காத வெச்சுக் கேட்டேன்."

கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். பேக்கரி என்றும் பார்க்காமல் கத்தியிருந்தால் தலையைக் குனிந்துகொண்டிருப்பேன். தம்பிக்கு போன் போட்டிருந்தாலும் சரி என்றிருப்பேன். வீட்டைவிட்டுப் போய்விடுவார்கள் என்பது வரைக்கும் மனதைத் தயார் பண்ணிக்கொண்டுதான் வாயைத் திறந்தேன். அவளோ குழந்தையின் வாயோரம் ஒட்டியிருந்த தேங்காய்த் துருவலைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி மறுபடி துடைத்தாள்.

"அப்ப... என்ற பால் இல்லீங்களா?"

"இல்ல அம்மணி."

"நான் தூங்குனதுனால இல்லீங்களா?"

"இல்ல கண்ணு. உன்ற மேல ஒரு குத்தமும் இல்ல. எல்லாம் நாந்தான்."

அவள் முகம் கோணிக்கொண்டு வந்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை. குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, அதன் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.

"அன்னையில இருந்து நான் இவள எம்பக்கத்துல படுக்கப் போட்டதே இல்லீங் நங்கையா. தொட்டில்ல போட்டுட்டு, நான் அக்கட்டால செவுத்தோரமாப் படுத்துக்குவேன். அவளே எந்திரிச்சு வந்து ஒட்டிப் படுத்தாக்கூட, தூங்குனதுக்கப்பறம் தூக்கி அந்தப் பக்கம் விட்டுருவேன். தூக்கத்துல மறுக்கா எதாச்சும் பண்ணிப்போடுவேன்னு பயமுங்."

எனக்கு இது தெரியாது. ஒரே வீட்டில், அவர்களுக்கு நேர் கீழே படுத்திருந்தேன், தெரியாது. மூன்று கரண்டி ராகியும், வற்றிப்போன பாலும்தான் என் தப்பு என்று இத்தனை நாளாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

குழந்தை பன்னைப் பிய்த்து அவள் வாயில் திணித்தது. அவள் அதை மென்று விழுங்கினாள். பிறகு, அனுமதி கேட்பதுபோல, என்னிடம் கேட்டாள்.

"இன்னைக்கு இவள எம்பக்கத்துல படுக்கப் போட்டுக்கலாமுங்களா?"